ஆராய்ச்சிக்குப் போன நல்லெண்ணெய்

தியாகதுருகம் கடைத்தெருவில் காசிநாதனின் மரச்செக்குக் கடை முகப்பில் மஞ்சள் நிறப் பலகை ஒன்று சில மாதங்கள் தொங்கியது. ‘எங்கள் நல்லெண்ணெய் கல்லூரி ஆராய்ச்சிக்குப் பயன்படுகிறது’ என்று அதில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஆடியில் ஏறிய பலகை ஐப்பசி மழைக்கு முன்பே இறங்கிவிட்டது என்கிறார் காசிநாதனின் மனைவி பெரியநாயகி. தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகே இறக்கியதாகச் சொல்கிறார் காசிநாதன். இறக்கியவர் காசிநாதனே என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் பலகை ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் அவர்களுடைய ஒரே மகள் சுபஸ்ரீ.

சுபஸ்ரீ தியாகதுருகத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்து, மருந்தியலில் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்று, கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள ஒரு தனியார் மருந்தியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். தினமும் காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்புவாள். என்ன ஆராய்ச்சி என்று வீட்டில் கேட்டபோது, “ஹார்மோன்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். காசிநாதன் அதற்கு மேல் துருவவில்லை. பெரியநாயகி, தன் அண்ணனுக்கு இன்சுலின் போட வந்த செவிலியர் அதுவும் ஒரு ஹார்மோன்தான் என்று சொல்லியிருந்ததை நினைவில் வைத்து, “எங்க பொண்ணு சக்கரை வியாதிக்கு மருந்து கண்டுபுடிச்சிக்கினு இருக்குது” என்று உறவினர்களிடம் சொல்லத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த சுபஸ்ரீ திருத்தவில்லை. திருத்தியிருந்தால், மேற்கொண்டு சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அவள் ஆராய்ந்தது எலிகளின் இணைவை. பெண் எலி எல்லா நாளும் ஆணை ஏற்பதில்லை. அதன் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, அதைத் தொடர்ந்து புரோஜெஸ்ட்ரோனையும் சுரக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் ஏற்கிறது. அறுவை செய்து சினைப்பையை அகற்றிவிட்டால் ஆணை அண்டவிடுவதே இல்லை. பின்னங்காலால் உதைக்கும், திரும்பி நின்று கடிக்க வரும். அதே எலிக்கு முதலில் ஈஸ்ட்ரோஜனும், இரண்டு நாள் கழித்துப் புரோஜெஸ்ட்ரோனும் ஊசி வழியாகக் கொடுத்தால், அன்று மாலைக்குள் அது வேறோர் எலியாகிவிடும். காதுகள் துடிக்க, துள்ளித் துள்ளி ஓடி ஆணைத் தன் பின்னால் வரச்செய்யும். ஆண் தொட்டதும் முதுகை வளைத்து அசையாமல் நிற்கும். எந்த ஹார்மோன் எவ்வளவு கொடுத்தால் இந்த இசைவு எந்த அளவுக்கு வருகிறது என்பதே அவளுடைய ஆய்வு. இதை அப்பாவிடம் எந்தச் சொற்களால் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விலங்குக் கூடம் கல்லூரியின் கடைக்கோடியில் இருந்தது. எலிகள் இருட்டில் நடமாடுபவை. ஆகவே அங்கே இரவைப் பகலாகவும் பகலை இரவாகவும் மாற்றி வைத்திருந்தார்கள். இரவெல்லாம் குழல்விளக்கு எரியும். பகலில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரியும். வெளித் தாழ்வாரத்தில் நின்றால் கல்வராயன் மலை வெயிலில் நீலமாகத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போனால் நடுச்சாமம்.

கூடத்தின் பராமரிப்பாளர் பொன்னாயி. கரியாலூரில் பிறந்து கச்சிராயபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். கூண்டு கழுவுவதும் உமி மாற்றுவதும் தீனி வைப்பதும் அவர் வேலை. சோதனைக்கு ஆண் எலியை முன்கூட்டியே கண்ணாடித் தொட்டியில் விட்டு இடத்தைப் பழக்க வேண்டும். அதைச் செய்யும்போதெல்லாம் பொன்னாயி ஏதாவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

“மாப்ள வந்து குந்திக்கினு இருக்கறாரு. பொண்ணக் கூட்டியாரலாம் பாப்பா.”

“சிரிக்க வைக்காதீங்கக்கா. பொண்ணு எத்தினி தடவ ஒத்துக்குதுன்னு எண்ணணும், தப்பிடும்.”

“கல்யாணத்துல சிரிக்காம எப்டி? எங்கூர்லன்னா இந்நேரம் மேளம் அடிச்சிருப்பாங்க.”

முதல் தொகுதி எலிகளில் சோதனை குறையின்றி நடந்தது. இரண்டு ஹார்மோனும் பெற்றவை இசைந்தன. ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவை பாதி மனதாக நின்றன. வெறும் எண்ணெய் பெற்றவை உதைத்தன. இந்த ஹார்மோன்கள் நீரில் கரையாதவை. எண்ணெயில் கரைத்தே ஊசி போட வேண்டும். அதற்கு உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுவது நல்லெண்ணெய். வெறும் எண்ணெய் பெறும் எலிகள் ஒப்பிடுவதற்காக. மாற்றம் ஊசியால் வந்ததா, ஹார்மோனால் வந்ததா என்பது அவற்றைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் தொகுதிக்கு அறுவை முடிந்து எலிகள் தேறியிருந்த நேரத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஆய்வகத் தரத்தில் சுத்திகரித்த எண்ணெய்ப் புட்டி சென்னையிலிருந்து வர வேண்டும். வாரங்கள் போயும் வரவில்லை. எலிகளை அதிக நாள் காக்க வைக்கவும் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, செக்கில் எள் அரைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சுபஸ்ரீ, தானே வியக்கும்படி, இது முன்பே தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தாள். நல்லெண்ணெய்க்காகச் சென்னையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் யார்? செக்குக்காரர் மகள்.

“அப்பா, கொஞ்சம் நல்லெண்ண வேணும். ஆராய்ச்சிக்கு, மருந்து கரைக்கறதுக்கு.”

“எவ்ளோ? ஒரு டின்னு போதுமா?”

“சின்ன பாட்டில் போதும்பா. ஆனா சுத்தமா இருக்கணும்.”

காசிநாதன் செக்கை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். “நம்மகிட்ட வந்து சுத்தமா வேணும்ங்கற பாரு.”

மறுநாள் அவர் செக்கின் உரலைக் கழுவித் துடைத்துக் காயவிட்டார். கச்சிராயபாளையத்திலிருந்து வந்த புது எள்ளைத் தானே புடைத்தார். எள் ஆட்டும்போது எண்ணெய் பிரிந்து வரவும் கசப்பு தெரியாமல் இருக்கவும் பனைவெல்லம் போடுவது எல்லாச் செக்கிலும் வழக்கம். மகளுடைய ஆராய்ச்சிக்கு என்பதால், வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கை கூடுதலாகப் போட்டார். தெளியவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, புட்டியில் ஊற்றி, தன் கையால் மூடினார். அந்த வாரமே பலகை எழுத ஆள் வந்துவிட்டார்.

சுபஸ்ரீ கவனக்குறைவாக நடந்துகொண்டாள் என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில் அந்த எண்ணெயை மீண்டும் வடிகட்டினாள். கிருமி நீங்க உலர்சூட்டு அடுப்பில் வைத்து எடுத்தாள். அடுப்பின் கதவைத் திறந்தபோது இனிப்பாக ஒரு மணம் வந்தது. பிறந்தது முதல் சுவாசித்த மணம். ஆய்வகத்தில் தன் வீட்டு மணம் வீசியதில் அவளுக்கு மகிழ்ச்சிதான்.

பிறகு சோதனைகள் தொடங்கின. ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு ஹார்மோனும் பெற்ற எலிகள் மூலையில் ஒடுங்கி நின்றன. ஆண் நெருங்கினால் உதைத்தன. ஆண்களிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. முன்போலவே ஓய்வின்றித் துரத்தின.

“மாப்ளைங்க எல்லாம் ரெடியாத்தான் இருக்கறாங்க,” என்றார் பொன்னாயி. “பொண்ணுங்கதான் மொகம் குடுக்க மாட்டேங்குதுங்க. இன்னா கோவமோ.”

சுபஸ்ரீ ஹார்மோனின் காலாவதித் தேதியைச் சரிபார்த்தாள். அளவைச் சரிபார்த்தாள். விளக்கு மாறும் நேரத்தைச் சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த வாரமும் அதே நிலை. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது.

ஒரு நாள் ஊசி போடுவதற்காக ஓர் எலியைக் கையில் எடுத்தாள். கழுத்துக்குப் பின்னால் விரல் பட்டதும் அது சிலிர்த்து விலகியது. மெதுவாகத் தடவிப் பார்த்தாள். தோலுக்கு அடியில் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி. அடுத்த எலியை எடுத்தாள். அதற்கும் இருந்தது. வெறும் எண்ணெய் பெற்றவற்றுக்கும் இருந்தது. ஊசி போடாத ஆண்களுக்கு மட்டும் இல்லை.

உடம்பில் அழற்சி இருக்கும்போது பெண் எலி இணைவதைத் தவிர்க்கும் என்று அவள் படித்திருந்தாள். எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும், வலியுள்ள உடல் முதலில் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது.

எண்ணெய்ப் புட்டியை எடுத்து வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் மெல்லிய பழுப்புக் கசடு புரண்டது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். வீட்டு மணம் என்று அவள் மகிழ்ந்தது சூட்டில் கருகிய வெல்லத்தின் மணம்.

எண்ணெயில் பனைவெல்லம் சேரும் என்பது அவளுக்குத் தெரியாத செய்தி அல்ல. சிறுமியாக, செக்கிலிருந்து சூடாக எடுத்த புண்ணாக்கில் வெல்லம் ஊறிய இடமாகப் பார்த்து உடைத்துத் தின்றவள் அவள். அவ்வளவு தெரிந்ததாக இருந்ததால்தான் அதை ஒரு சேர்மானமாக அவள் எண்ணியதே இல்லை.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தனசேகரன், புட்டியை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார்.

“எங்க வாங்குன?”

“வீட்லதான் சார். அப்பா ஆட்டுனது.”

“ம்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு வழி இருக்குது. இதுங்கள ஹார்மோனுக்கு எணங்காத எலிங்கன்னு ஒதுக்கிட்டு, மொத தொகுதிய மட்டும் வெச்சு முடிச்சிடலாம். அப்டி எழுதறவங்க இருக்கறாங்க. யாரும் தோண்டிக் கேக்கமாட்டாங்க. இல்லன்னா, விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, புது எலி கேட்டு, மறுபடியும் மொதல்லேர்ந்து செய்யணும். கேட்டா காரணம் சொல்லணும். எண்ணெ எங்கேர்ந்து வந்துது, அதுல இன்னா இருந்துது, எல்லாத்தையும் எழுதணும்.”

“நீங்க இன்னா சார் சொல்றீங்க?”

“நான் சொன்னா, அது நான் சொன்னதா ஆயிடும். ஆய்வேடு ஒன்னோடதும்மா.”

அவளுக்குத் தாமதம் பெரிதாகத் தோன்றவில்லை. அந்தப் பலகைதான் கண்முன் நின்றது. நெறிமுறைக் குழுவில் கல்லூரியைச் சாராத உறுப்பினராக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தமிழழகன். அவர் தியாகதுருகத்துக்காரர், மாதந்தோறும் காசிநாதன் கடையில் எண்ணெய் வாங்குபவர். ‘காசிநாதன் செக்கு எண்ணெயால் எலிகளுக்குக் கட்டி வந்தது’ என்று எழுதினால், அவர் அதைப் படிக்காமல் இருக்கப் போவதில்லை. எழுதாமல் விட்டால், ‘ஹார்மோனுக்கு இணங்காத எலிகள்’ என்று இல்லாத ஒன்றை அவளே உண்டாக்கியவளாவாள். அப்பா ஆட்டிய எண்ணெயின் பெயர் மட்டும் கெடாது. அன்று மாலைப் பேருந்தில் அவள் இதையே எண்ணிக்கொண்டு வந்தாள். கடை வாசலில் இறங்கியபோது முடிவு செய்திருந்தாள். குழுவுக்கு எழுதத்தான் போகிறாள். ஆனால் தமிழழகன் வாயிலிருந்து அப்பா அதைக் கேட்கக் கூடாது.

செக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. பேசணும்.”

“பாதியில நிறுத்துனா எண்ணெ எறங்காதும்மா. குந்து, ஆயிடும்.”

அவள் எள் மூட்டை மேல் அமர்ந்து காத்திருந்தாள். எண்ணெய் வடிந்து, புண்ணாக்கு திரண்டு, காசிநாதன் மோட்டாரை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில், உள்ளே பெரியநாயகி வெங்காயம் நறுக்கும் ஓசை கேட்டது.

“இன்னா விசயம்?”

“நீங்க குடுத்த எண்ணெய எலிக்கு ஊசில ஏத்தினேன்பா.”

“ஊசிலயா? வாயில ஊத்துவன்னு இல்ல நெனச்சேன்.”

“தோலுக்கு அடியில. மருந்து எண்ணெயிலதான் கரையும். ஊசி போட்ட எடத்துல கட்டி வந்துடுச்சு. எல்லாத்துக்கும்.”

காசிநாதன் கையைத் துணியில் துடைத்தார். “எண்ணெ கெட்டுப் போச்சா?”

“கெடலப்பா. சாப்பாட்டுக்கு அது நல்ல எண்ணெதான். பனவெல்லம் போட்டிருந்தது. அது தோலுக்கு அடியில போவக் கூடாது.”

“பனவெல்லம் போடுவோம்னு ஒனக்குத் தெரியாதா? புண்ணாக்க ஒடைச்சி ஒடைச்சித் தின்னவதான நீ?”

“தெரியும்பா. தோணல. தப்பு என்னுது. ஆனா எந்த எண்ணென்னு காலேஜுல எழுதிக் குடுக்கணும். நம்ம கடைப் பேரோட. தமிழழகன் சாரும் படிப்பாரு.”

காசிநாதன் வெளியே பலகை தொங்கிய பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு எதிரே இருந்த மரப்பெட்டியில் அமர்ந்தார்.

“அப்டி இன்னாதான் பாக்கற அந்த எலிங்ககிட்ட?”

எத்தனையோ முறை தப்பித்த கேள்வி. இம்முறை அவள் தப்பிக்கவில்லை. “ஆணும் பொண்ணும் சேர்றதப் பாக்கறேன்பா. எந்த ஹார்மோன் ஒடம்புல இருந்தா பொண்ணு எலி ஆணச் சேத்துக்கும், எது இல்லன்னா தொரத்தும்னு.”

உள்ளே வெங்காயம் நறுக்கும் ஓசை நின்றது. “அப்போ சக்கரைக்கு மருந்து இல்லியா?” என்று பெரியநாயகி கதவருகே வந்தார். “ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறேனே!”

“நீங்கதாம்மா சொன்னீங்க. நான் சொல்லல.”

“இல்லன்னும் சொல்லலியே நீ!”

காசிநாதன் சிரித்துவிட்டார். “இதுக்கா இத்தினி வருசம் மென்னு முழுங்குன? மாடு வெச்சி செக்கு ஓட்டுன குடும்பம்மா இது. காளையும் பசுவும் பாக்காதவனா நான்?” பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “அந்தச் செவலக் காளை ஒனக்கு ஞாபகம் இருக்காது. காயடிச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச மாசம் பசுவப் பாத்தா கட்டுக்கயித்த அறுத்துக்கினு போய் ஏறும். மாட்டு டாக்டரு சரியாவே செய்யலன்னு அந்தாளத் திட்டித் தீத்துட்டேன்.”

“அவரு சரியாத்தான்பா செஞ்சிருப்பாரு. ஏற்கெனவே பசுவோட பழகுன காளைன்னா, ஹார்மோன் கொறைஞ்சாலும் பழக்கம் ஒடனே போவாது. மெதுவாத்தான் அடங்கும். ஆண் எலிங்களும் அப்டித்தான்.”

“அப்போ அந்தாளு மேல தப்பு இல்ல?”

“இல்லப்பா.”

“சந்தையில நாலு பேரு முன்னாடி கேட்டேனே அவர,” என்றார் காசிநாதன். எழுந்து புண்ணாக்கை உரலிலிருந்து எடுக்கத் தொடங்கியவர், பாதியில் கையை நிறுத்தினார்.

“வலிச்சிருக்குமா அதுங்களுக்கு?”

“வலிச்சிருக்கும்பா. அதனாலதான் ஆணக் கிட்டவே விடல. நான்தான் கண்டுபுடிக்க இத்தினி நாள் ஆக்கிட்டேன்.”

காசிநாதன் கையைத் துடைத்துக்கொண்டார். மூலையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“இப்போ எதுக்கு அத எறக்கறீங்க?” என்று பெரியநாயகி கேட்டார். “மழ வரட்டும், தானா எறக்கிக்கலாம். யாராவது கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“கேட்டா சொல்லிக்கலாம். புடி ஏணிய.”

பலகை இறங்கியது. எழுத்துப் பக்கம் கீழாகக் கவிழ்ந்து, புண்ணாக்குத் தொட்டிக்கு மூடியாயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

குழுவுக்குச் சுபஸ்ரீ எழுதிக் கொடுத்தாள். கட்டி வந்த எலிகளுக்கு வலி தெரியாமல் முடிவு கொடுக்கும்படி குழு சொன்னது. புதிய எலிகளுக்கு அனுமதியும் தந்தது. முதல் உத்தரவை நிறைவேற்றிய நாளில் பொன்னாயி எந்த வேடிக்கையும் பேசவில்லை. காலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கச்சிராயபாளையம் பேருந்துக்குச் சீக்கிரமே புறப்பட்டுவிட்டார்.

அடுத்த மாதம் தமிழழகன் எண்ணெய் வாங்க வந்தார். முகப்பில் பலகை இருந்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா காசிநாதன், எலிங்களுக்கு ஒங்க எண்ணெ ஒத்துக்கலயாமே?”

“மனுசனுக்கு ஒத்துக்கும் சார். எப்பவும் வாங்கற அளவுதான?”

“அதுல கொஞ்சமும் கொறைக்காதீங்க,” என்று தமிழழகன் எண்ணெய்த் தூக்கை நீட்டினார்.

சென்னைப் புட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. நிறமும் மணமும் அற்றதாய், நல்லெண்ணெய் என்று சொன்னால்தான் தெரியும்படி இருந்தது. தை மாதத்தில் மூன்றாம் தொகுதிக்குச் சோதனை தொடங்கியது. சிவப்பு வெளிச்சத்தில் ஆண் எலி தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சுபஸ்ரீ பெண் எலியை மெதுவாக உள்ளே இறக்கினாள். அது ஒரு நொடி மூலையில் நின்றது. பின்னர் அதன் காதுகள் துடித்தன. துள்ளி ஆணின் முன்னால் ஓடி, சட்டென்று நின்றது.

“கோவம் தீந்துடுச்சு பாப்பா,” என்றார் பொன்னாயி, தாழ்ந்த குரலில்.

ஆய்வேடு எழுதி முடிந்தபோது வீட்டில் படித்துக் காட்டச் சொன்னார் காசிநாதன். ஆங்கிலத்தில் இருந்ததைச் சுபஸ்ரீ தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பெரியநாயகி பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கிருந்தும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டாம் தொகுதியைப் பற்றிய இடம் வந்தது. தியாகதுருகம் காசிநாதன் மரச்செக்கில் வெல்லம் சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய் பயன்படுத்தப்பட்டதையும், அது ஊசி வழிப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இல்லாததையும், அதனால் அத்தொகுதியின் முடிவுகள் கணக்கில் சேர்க்கப்படாததையும் அவள் ஒரு வரியும் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எம் பேரு இருக்குதா அதுல?”

“இருக்குதுப்பா.”

“வெல்லம்னா எழுதியிருக்கற?”

“ஆமாப்பா.”

“மாத்து,” என்றார் காசிநாதன். “பனவெல்லம்னு எழுது. படிக்கறவங்க கரும்பு வெல்லம்னு நெனச்சிக்கப் போறாங்க.”